அக்கா போட்ட சாலையில் நாங்கள் தோண்டிய குழி

அக்காவின் முதலாண்டு நினைவுக்கு வந்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். இதுபோன்ற நினைவு மலர்களைப் பந்தியில் இடம் கிடைக்கும்வரை விசிறிக்கொள்ளத்தான் நானும் பயன்படுத்தியிருக்கிறேன். இந்த ஒரு பக்கத்தைப் படித்துவிட்டு விசிறிக்கொள்ளுங்கள்.

அக்கா மூலனூர்ப் பக்கம் முருங்கைத் தோட்டக்காரர் வீட்டில் மூத்தவராகப் பிறந்தார். மழை பெய்தால் எங்கள் ஊருக்குப் பேருந்து வராது. அந்தக் கோபத்தில்தான் சிவில் படித்ததாகச் சொல்வார். எனக்கு அப்படி எதன்மேலும் கோபம் வராததால் பனியன் கம்பெனி வைத்தேன். "பொம்பளப் புள்ள தார் டின்னுகிட்ட நிக்கறதா?" என்று கேட்ட சொந்தங்களே பிறகு தோட்டத்துக்குச் சாலை கேட்டு அவரிடம் வந்தார்கள்.

சாலையைக் கெடுப்பது லாரி அல்ல, தண்ணீர் என்பது சாலைப் பொறியாளராக அவர் வேலையில் கற்ற பாடம். மழை வந்தால் நாங்கள் வீட்டுக்குள் ஓடுவோம். அக்கா குடையோடு வெளியே போவார். தண்ணீர் எங்கே நிற்கும் என்பதை வரைபடத்தைவிட மழை நன்றாகச் சொல்லும் என்பார். பழைய தாரைச் சுரண்டாமல் புதுத்தார் போட விடமாட்டார். சாலை உயர்ந்தால் வீடுகள் பள்ளத்தில் போய்விடுமே!

பெற்றோர் மறைந்தபின் என் கல்யாணத்தைத் திருப்பூரில் தன் வீட்டிலேயே நடத்தினார். பந்தல்காரர் கடப்பாரையோடு, அக்காவே போட்ட வாசல் சாலையில் இறங்கியதும் தடுத்தார்.

"குழி தோண்டாம பந்தக்கால் எப்படீங்க நிக்கும்?"

"பெயிண்ட் டப்பால மணல ரொப்பி நிறுத்துங்க."

"ஒரு சாண் குழிதானுங்க மேடம்!"

"தண்ணிக்கு அது போதுமுங்க."

பெயிண்ட் கடையில் கல்யாணமா என்று பெண் வீட்டார் சிரித்தார்கள். அதுதான் அவமானம் என்று அன்று நினைத்தேன்.

கடைசி நாட்களில், மருத்துவமனைப் படுக்கையில் மழைச் சத்தம் கேட்டால், "வாசல்ல தண்ணி நிக்குதா பாரு கண்ணு" என்பார். நின்றதில்லை.

அவர் காலமான அன்று பந்தல்காரர், "கால் எங்கீங்க நடறது?" என்று என்னைத்தான் கேட்டார். அழுதுகொண்டே சாலையைக் காட்டினேன். கூடியிருந்த ஒருவருக்கும் உறைக்கவில்லை. காரியம் முடிந்ததும் குழிகளில் மண்ணைத் தள்ளி மிதித்துவிட்டோம்.

ஐப்பசி மழையில் குழிகள் கூடிப் பள்ளமாயின. தினமும் எங்கள் வாசல் வழியே மண்ணரைப் பகுதிக்குத் தையல் வேலைக்குப் போய்க்கொண்டிருந்த பெண்ணொருவர் ஸ்கூட்டியோடு அதில் விழுந்து கையை முறித்துக்கொண்டார். தென்மாவட்டத்திலிருந்து பிழைக்க வந்தவர். தூக்கி உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தேன்.

"அந்த மேடம் இருந்தா இந்தக் குழிய விட்டுருப்பாவளாண்ணே? அவங்க போன பொறவு ரோட்டக் கேக்க ஆளில்ல" என்றார்.

"ஆமாம்மா" என்றேன். ஆட்டோ பிடித்து அவரை மருத்துவமனையில் சேர்த்தேன். மறுநாள் அங்கே போனபோதுதான் உண்மையைச் சொன்னேன். "எழவு விழுந்த துட்டி வீட்டுல இதெல்லாம் யாரு பாப்பா? விடுங்கண்ணே" என்றார். திட்டியிருக்கலாம்.

அக்காவைக் கவனித்துக்கொண்ட செவிலியர்களுக்கும், பள்ளத்தைச் சதுரமாக வெட்டித் தார் ஒட்டிக்கொடுத்த, அவரோடு வேலை பார்த்த சாலைப் பணியாளர்களுக்கும், கை எலும்பு கூடி மீண்டும் வேலைக்குப் போகும் அந்தத் தங்கைக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. இன்றைய பந்தல் பெயிண்ட் டப்பாக்களில் நிற்கிறது. அவற்றில் வெற்றிலை துப்ப வேண்டாம். வாசலெதிரே கறுப்பாகத் தெரியும் ஒட்டின்மேல் செருப்பைக் கழற்றிப்போட்டு மறைத்துவிடாதீர்கள். அது தெரியட்டும்.