ஏய்னர் வாயில் நான் வைத்த வார்த்தை

டென்மார்க்கில் என் எழுத்தைப் படிக்காதவர்கள் குறைவு. என் பெயர் தெரிந்தவர்கள் அதைவிடக் குறைவு. கூரையில் பாசி பிடித்தால் என்ன செய்வது, பாத்திரம் கழுவும் இயந்திரம் ஏன் நாறுகிறது என்று யாராவது இணையத்தில் தேடினால், முதலில் வந்து நிற்பது பெரும்பாலும் நான் எழுதிய பக்கமாக இருக்கும். நான் கூரையில் ஏறியதில்லை. எங்கள் வீட்டு இயந்திரம் இன்னும் நாறிக்கொண்டுதான் இருக்கிறது. கடைக்காரர்களின் இணையதளங்களுக்கு எழுதிக் கொடுத்து, தேடி அலைகிறவர்களை அங்கே இழுத்துவந்து விடுவது என் பிழைப்பு. பயணம், கனவு, உங்களுக்காகவே. இந்த மூன்று சொற்களை மாற்றி மாற்றி அடுக்கியே வயிறு வளர்த்துவிட்டேன்.

என் மனைவி லிஸ்பெத் மேற்கு ஜூட்லாந்துக்காரி, பேச்சைக்கூட எண்ணிச் செலவழிக்கிற சீமை. நான் தலைநகர் கொபன்ஹேகன்காரன். கல்யாணமாகி அவள் ஊரான லெம்விக்குக்குக் குடிவந்து எத்தனையோ வருடம் ஆகியும் இங்கே நான் 'லிஸ்பெத் கூட்டிவந்த ஆள்'தான். அவள் ஊர்ப் பேருந்து ஓட்டிக்கொண்டிருந்தாள். போன வருடம் அந்த வேலையை விட்டுவிட்டுக் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளி ஒன்று தொடங்கினாள். சாம்பல் நிறக் கார், கதவில் அவள் பெயர். பெயரைப் பெரிதாகப் போட்டால் ஊர் என்ன நினைக்கும் என்று குனிந்து பார்த்தால் தெரிகிற அளவுக்கு எழுதச் சொன்னாள். கிறிஸ்துமஸுக்குள் ஆள் சேராவிட்டால் காரை விற்றுவிட்டுப் பேருந்துக்கே திரும்புவது என்று முடிவு.

அவள் திரும்பக் கூடாது என்று எனக்கு இருந்தது. சாயங்காலம் அந்தக் காரின் கண்ணாடியைத் துடைக்கும்போது அவள் பாடுவாள். பேருந்து ஓட்டிய காலத்தில் அவள் பாடி நான் கேட்டதே இல்லை. இணையதளத்தை என்னிடம் விட்டுவிடு என்றேன். இதற்கு என்னை விட்டால் ஆள் ஏது என்ற நினைப்பு.

முகப்பில் 'உங்கள் சுதந்திரப் பயணம் இங்கே தொடங்குகிறது' என்று எழுதினேன். லிஸ்பெத் படித்துப் பார்த்தாள்.

"இங்கன்னா எங்க? நம்ம கராஜ்லயா?" என்றாள்.

விளம்பரம் என்றால் அப்படித்தான் என்று சொல்லி வாயை அடைத்தேன். அடுத்து, வண்டி கிளம்பும்போது கிளட்ச் ஏன் உதறுகிறது என்று ஒரு கட்டுரை எழுதிப் போட்டேன். அது பிய்த்துக்கொண்டு போனது. நாட்டில் யார் யாருக்கெல்லாம் கிளட்ச் உதறியதோ அத்தனை பேரும் லிஸ்பெத்தின் தளத்துக்கு வந்து போனார்கள். வருகையைக் காட்டும் கோடு மலையேறியது. அதை அச்செடுத்துக் குளிர்பெட்டியின் கதவில் ஒட்டினேன். மற்ற வீடுகளில் பிள்ளைகள் வரைந்த படத்தை அங்கே ஒட்டுவார்கள்.

லிஸ்பெத் ரொட்டியில் ஈரல் விழுதைத் தடவிக்கொண்டே அதைப் பார்த்தாள். "இதுல எத்தன பேரு வண்டில வந்து உக்காந்தாங்க?"

முதலில் நம்பிக்கை வர வேண்டும், பிறகுதான் ஆட்கள் வருவார்கள் என்று விளக்கினேன். தன்னிடம் இப்போது இருப்பது இரண்டே பேர், அதில் ஒருத்தி தன் அக்கா மகள் என்றாள் அவள்.

நம்பிக்கைக்கு மருந்து பழைய மாணவர்களின் பாராட்டு. அது என் தொழிலில் பாலபாடம். அவளிடம் கற்று முடித்திருந்த சிலருக்கு நானே எழுதிக் கேட்டேன். வந்த பதில்களைப் பார்த்துத் தலையில் கைவைத்தேன். 'சரியாகப் போனது' என்றது ஒன்று. 'சொல்வதற்கு ஒன்றும் இல்லை' என்றது இன்னொன்று. பன்றிப் பண்ணை வைத்திருக்கும் ஏய்னர், காருக்குப் பின்னால் பெரிய இழுவை வண்டி கோத்து ஓட்ட லைசென்ஸ் எடுத்தவர், எல்லாரையும்விட நீளமாக எழுதியிருந்தார். 'இதைவிட மோசமாகவும் இருந்திருக்கலாம்.'

இதை வைத்துக்கொண்டு யாரை இழுப்பது? பாவம், மனிதருக்கு எழுத வரவில்லை, அவர் மனதில் இருப்பதை நாம்தான் எழுதிக் கொடுக்க வேண்டும் என்று கூசாமல் எனக்கே சொல்லிக்கொண்டேன். 'டென்மார்க்கிலேயே தலைசிறந்த ஆசிரியர்! என் வாழ்க்கையே மாறிவிட்டது!' என்று எழுதிக் கீழே ஏய்னரின் பெயரைப் போட்டேன். ஐந்து நட்சத்திரங்களும் அவர் முகமும்கூடப் போட்டேன்.

ஒரு வாரம் கழித்து ஏய்னர் வந்தார். வாசலில் ரப்பர் பூட்ஸைக் கழற்றிவிட்டுக் காலுறையோடு சமையலறை மேசையில் உட்கார்ந்தார். லிஸ்பெத் காபி ஊற்றினாள். காற்றைப் பற்றிப் பேசினோம், மழையைப் பற்றிப் பேசினோம், பிறகு யாரும் பேசவில்லை. இந்த ஊரில் ஒருவர் பேசாமல் உட்கார்ந்தால் அவசரப்படுத்தக் கூடாது. எனக்கு நன்றி சொல்லத்தான் வார்த்தை தேடுகிறார் என்று நினைத்து, அடக்கமாகச் சிரிக்கத் தயாரானேன்.

"தீவனக் கடைக்குப் போயிருந்தேன்," என்றார் ஏய்னர். "எல்லாரும் எந்திரிச்சு நின்னானுங்க. வாழ்க்க மாறுன மனுசன் வர்றாரு, வழி விடுங்கன்னான் ஒருத்தன்."

நான் சிரித்தேன். மேசையில் வேறு யாரும் சிரிக்கவில்லை.

"என் பொண்டாட்டி கேக்குறா. என்னக் கட்டிக்கிட்டு இத்தன வருசத்துல இப்படி ஒரு வார்த்த உங்க வாய்லருந்து வரலயே, லிஸ்பெத்துக்கு மட்டும் எப்படி வந்துச்சுன்னு." காபியைக் குடித்து முடித்தார். "அத எடுத்துடு தோர்பென். நான் சொன்னதப் போடு. யோசிச்சுத்தான் சொன்னேன்."

அவர் போன பிறகு லிஸ்பெத் கத்துவாள் என்று பார்த்தேன். கத்தியிருந்தால் பிழைத்திருப்பேன். "என்கிட்ட இருந்தது இந்த ஊர்ல என் பேரு ஒண்ணுதான்," என்றாள். "அதையும் கேலிக்கூத்தாக்கிட்ட." வெளியே போய்க் காருக்குள் உட்கார்ந்துகொண்டாள். கண்ணாடியைத் துடைக்கவும் இல்லை, பாடவும் இல்லை.

அன்றைக்கே எல்லாவற்றையும் அழித்தேன். பாதி வெட்கத்தில், பாதி வீம்பில். சுதந்திரப் பயணம் போயிற்று, கனவு போயிற்று. கிளட்ச் கட்டுரையை மட்டும் அழிக்கக் கை வரவில்லை, தளத்திலிருந்து எடுத்து என்னிடமே வைத்துக்கொண்டேன்; பெற்ற மனம் அல்லவா. முகப்பில் மிஞ்சியது லிஸ்பெத்தின் தொலைபேசி எண்ணும் அந்த உப்புச்சப்பில்லாத பதில்களும்தான். எல்லாவற்றுக்கும் மேலே ஏய்னரின் வாக்கியம், அவர் எழுதியபடியே. கடையைச் சாத்தியாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

சில நாட்களில் யூட்டெ கூப்பிட்டாள். ரொட்டிக் கடையில் வேலை செய்கிறவள், ஊரில் அவளுக்குத் தெரியாத விஷயம் கிடையாது. லிஸ்பெத் கண்ணாடி போட்டுக்கொண்டு எதையோ தேடிக்கொண்டிருந்ததால் தொலைபேசியை ஒலிபெருக்கியில் வைத்திருந்தாள்.

"மோசமாவும் இருந்திருக்கலாம்னு நெசமாவே ஏய்னரா சொன்னாரு?" என்றாள் யூட்டெ.

"ஆமா."

"சர்ச்சுக்குப் புதுக் கூரை போட்டப்பக்கூட அந்த மனுசன் இவ்வளவு புகழ்ந்து பேசலயே. என் பையன அனுப்புறேன் லிஸ்பெத். எந்தக் கிழமை தோது?"

பிறகு, ஏய்னருக்கு எழுந்து நின்று வழிவிட்ட தீவனக் கடை ஆட்களில் ஒருவர் தன் மகளை அனுப்பினார். அவருடைய மைத்துனர் தானே வந்து சேர்ந்தார். தளத்துக்கு வருகிறவர்களின் கோடு தரையில் படுத்துக்கிடந்தது, கார் வீட்டில் நிற்கவே இல்லை. கிறிஸ்துமஸ் மரம் வாங்கப் போவதற்கே அவளிடம் நேரம் கேட்க வேண்டியிருந்தது. காரை விற்கும் பேச்சை அப்புறம் யாரும் எடுக்கவில்லை. என் தொழில் வாழ்க்கையிலேயே அதிகம் ஆள் பிடித்துக் கொடுத்த பக்கம் அது. அதில் என்னுடைய வார்த்தை ஒன்றுகூட இல்லை.

பண்டிகை முடிந்த ஒரு சாயங்காலம், பாத்திரம் கழுவும்போது லிஸ்பெத்திடம் மெதுவாகக் கேட்டேன். என் தொழிலுக்கும் ஒரு தளம் இருக்கிறது, வாடிக்கையாளர் என்ற முறையில் நீயும் ஒரு வரி எழுதித் தரலாமே என்று. அவள் தட்டுகளைத் துடைத்து முடிக்கிற வரைக்கும் யோசித்தாள். துணியைப் பிழிந்தாள்.

"இதவிட மோசமான ஆளும் வாய்ச்சிருக்கலாம்," என்றாள்.

துணியை எடுத்துக்கொண்டு காருக்குப் போய்விட்டாள். கண் கலங்கியதை அவள் பார்க்கக் கூடாது என்று நான் குழாயைத் திறந்துவிட்டு அப்படியே நின்றேன். கொஞ்ச நேரத்தில் கராஜிலிருந்து பாட்டுக் கேட்டது. இதைவிட மோசமாகவும் பாடியிருக்கலாம்.