குனிந்து பார்த்த பொறியாளர்

போன வருஷம் முடிவெட்டும் ஓட்டிஸின் கடையில் கிடைத்த செய்தி: விமான ஆராய்ச்சிக் கூடத்து மிஸ் ஹெஸ்டர் க்ரீக்மோர் ஒரு பொறியாளரைத் தலைகீழாக நிற்க வைத்துவிட்டாராம்.

"சத்தியமாண்ணே! கமா ஒண்ணு தப்பாப் போச்சுன்னு!"

எங்கள் ஊர் ஹாம்ப்டனில் அந்தக் கூடத்தைப் பற்றி எதைச் சொன்னாலும் நம்புவார்கள். கடற்கரையில் சும்மா அடிக்கிற காற்றைச் சுரங்கத்துக்குள் அடைத்து, சம்பளம் கொடுத்து ஊதவைக்கிறவர்கள் அல்லவா! விசாரித்தேன். பாதி உண்மை.

மிஸ் க்ரீக்மோர் கணிதம் படித்தவர். ஆண்கள் மட்டுமே அளந்துகொண்டிருந்த இடத்தில் 1929இல் அளக்கச் சேர்ந்தார். அவர்களுடைய அறிக்கைகளைப் படித்ததும் நேரே மேலதிகாரியிடம் போனார். "காத்த அளக்குறாங்க சார், வார்த்தைய அளக்கறதில்ல." அன்றுமுதல் அவர் நீலப் பென்சில் படாமல் ஒரு தாளும் வெளியே போவதில்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை ஆர்லன் ஸ்டெபின்ஸின் அறிக்கை வந்தது. வேகம் குறைந்தால் புது விமானத்தின் எந்த இறக்கை முதலில் சரியும்? இடது என்று எழுதியிருந்தான். புதன் காலை ஒரு விமானி அதை நம்பிப் பறக்க வேண்டும். வாக்கியங்கள் சுத்தம். மாதிரி விமானத்தின் இறக்கையில் ஒட்டிய நூல்கள் இடப்பக்கம் பேயாட்டம் ஆடுவதைப் படமும் வரைந்திருந்தான். ஆனாலும் மிஸ் க்ரீக்மோரால் நாற்காலியில் இருக்க முடியவில்லை. எழுந்தார், ஜன்னல்வரை போனார், திரும்பினார், உட்கார்ந்தார், மறுபடி எழுந்தார். கையெழுத்திடப் போய் மூன்று முறை பென்சிலைக் கீழே வைத்தார். ஸ்டெபின்ஸ் வாசலில் வந்து நின்றான்.

"மேடம், டைப் அடிக்கணும். மேல கத்துறாங்க."

"யாரோட இடது, தம்பி?"

"இடதுன்னா இடதுதான் மேடம். அதுக்குமா பென்சில்?"

"எங்க நின்னு பாத்து வரைஞ்சே?"

"விமானத்துக்குப் பின்னால."

"வா என்கூட."

காற்றுச் சுரங்கத்தில் மாதிரி விமானம் கம்பிகளில் மல்லாக்கத் தொங்கியது. எப்போதும் அப்படித்தான், இறக்கையைத் தூக்கும் விசை அப்போது மேலே உள்ள தராசைக் கீழே இழுக்கும், அளப்பது சுலபம்.

"முதுகக் காட்டி நில்லு. குனி. காலுக்கு நடுவுல பாரு."

"மேடம், மெக்கானிக்குங்க பாக்குறாங்க..."

"பாக்கட்டும். குனி."

குனிந்தான். விமானி உட்காரும் வாக்கில் விமானம் நிமிர்ந்து தெரிந்தது. பிறகு முழங்கால்களுக்கு நடுவிலிருந்து ஒரு குரல்:

"வலது."

அந்த மெக்கானிக்குகள்தான் ஓட்டிஸிடம் முடிவெட்டிக்கொள்கிறவர்கள்.

புதனன்று வானத்தில் சரிந்தது வலது இறக்கைதான். விமானி தயாராக இருந்தார். இறங்கிவந்து நண்டு வடை நான்கு தின்றார்.

ஸ்டெபின்ஸ் இறுதிப் பிரதியில் மிஸ் க்ரீக்மோருக்கு ஒரு வரி நன்றி எழுதினான். நீலப் பென்சில் அதை அடித்தது.

"இத எந்தக் கருவியில அளந்தே?"

"உங்களுக்கு ஒரு வரி கடன்பட்டிருக்கேன் மேடம். அடுத்த அறிக்கையில போட்டே தீருவேன்."

அதற்குப் பின் அவனுடைய அறிக்கைகள் நான்கு வெளிவந்துவிட்டன. கடைசிப் பக்கம்வரை புரட்டினேன்; அந்த வரியைக் காணோம். அவன் எழுதவே இல்லையா, எழுத எழுத இவர் அடிக்கிறாரா என்று கேட்டால் இருவருமே வாயைத் திறப்பதில்லை.