கூடத்தில் கத்தியவரும் சுவர்ப்பக்கம் படுத்தவரும்

எங்கள் வீட்டில் இரண்டு தறி. அண்ணன் தம்பி இருவர். மூத்தவர் வாய் திறந்தால் தெருமுனைவரை கேட்கும். "ஆரணியில என் கைக்கு ஈடா ஒருத்தன காட்டு!" என்பார். யார் காட்டுவார்கள்? கேட்பவர் கையில் காபி ஆறிவிடும். இளையவர் என் கணவர். அதிர்ந்து பேசமாட்டார். "தங்கமான மனுஷன் கெடைச்சிருக்காரு உனக்கு" என்று தெருவே சொன்னது. நானும் அதையே சொல்லிக்கொண்டேன்.

எழுபதுகளின் கடைசியில், சேத்துப்பட்டில் என் ஒரே தங்கைக்குக் கல்யாணம். முதல்நாள் மத்தியானப் பஸ்ஸில் நானும் கணவரும் கிளம்புவதாக ஏற்பாடு. அதற்குள் அவர் தறியில் புதுப் பாவு, அதாவது நெடுக்கு நூல், பிணைக்கவேண்டும். தீர்ந்த பாவின் ஒவ்வோர் இழை நுனியோடும் புதுப் பாவின் இழையைச் சாம்பல் தொட்டு விரலால் முறுக்கிச் சேர்ப்பது என் வேலை. ஆயிரக்கணக்கில் இருக்கும். என் மனசோ முன்னாடியே பஸ் ஏறிவிட்டது. நடுவில் ஓர் இழையை விட்டுவிட்டேன். அப்புறம் முறுக்கியதெல்லாம் ஓரிழை தள்ளிப்போய், சேலைக் கரையின் சிவப்பு உடம்பின் பச்சையோடு வந்து நின்றது.

மூத்தவர் குதித்தார். "என் வீட்டுத் தறியிலயா இப்டி? நாலு பேரு என்ன இன்னா நெனைப்பான்?" பத்து நிமிஷம்தான். பிறகு தன் பெருமையைத் தானே பேசிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

கணவர் திட்டவில்லை. சோற்றுத்தட்டைத் தள்ளிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார்.

"இன்னாங்க, வந்ததும் பிரிச்சு சரிபண்றேன். எழுந்து கெளம்புங்க."

"நீ ஜல்தியா போ. என்ன யாரு கேட்டாங்க? கல்யாணப் பத்திரிகையில கூட அண்ணன் பேருதான் மேல. நான் செத்தாலும் நீங்கள்லாம் கல்யாண சாப்பாடு சாப்ட்டுக்கினு இருப்பீங்க."

நான் போகவில்லை. இரண்டு நாள் இழை பிரித்தேன். கல்யாணத்துக்குப் போய்வந்த மூத்தவரிடம், "பொண்ணு எப்டி இருந்தா மாமா?" என்று கேட்டேன்.

"பொண்ணா? எல்லாரும் என் பட்டுவேட்டியயில்ல பாத்துக்கினு இருந்தாங்க!"

கணவர் கண்கலங்கினார். "என்னாலதான் நீ போவல, சொல்லிக்காட்டு." கடைசியில் நான்தான் அவரைத் தேற்றினேன்.

எண்பதுகளில், கையில் கிடைத்ததையெல்லாம் படிக்கும் பழக்கத்தில், ஒரு பத்திரிகையில் மருத்துவர் எழுதிய கட்டுரை கண்ணில்பட்டது. தன்னையே மையமாக வைத்துக்கொள்ளும் மனக்கோளாறில் வகைகள் உண்டாம். மார்தட்டும் வகை ஒன்று; தொட்டாலே சுருங்கி, உள்ளுக்குள் குமையும் வகை இன்னொன்று. இரண்டுக்கும் ஒரே பசியாம். நோயென்று பெயர்வைக்க நான் யார்? ஆனால் மூத்தவரைப் பற்றிப் புலம்பத் தெருவே எனக்குத் துணை இருந்தது. இவரைப் பற்றிச் சொல்ல ஓர் ஆளில்லை. தங்கையிடமாவது காட்டலாமென்று கட்டுரையைக் கத்தரித்து வைத்தேன்.

பொங்கலுக்கு வந்தவள் அவளாகவே கேட்டாள். "இப்பவாவது சொல்லுக்கா, என் கல்யாணத்துக்கு ஏன் வரல?"

"பாவுல ஓரிழை விட்டுட்டேன்டி."

"அத்தான் திட்டினாரா?"

"ஒரு வார்த்த சொல்லல."

"அவரு எங்க சொல்வாரு? தங்கமாச்சே!" என்று சிரித்தாள்.

கட்டுரையை நான் எடுக்கவில்லை.