கொத்தனார் பூசிய தூண்

என் வீட்டுக்காரர் அரசாங்கக் கொத்தனார். இருபத்தெட்டு வருடமாக ஒரே கட்டடம், ஐந்து மாடி அலுவலகம். ஒழுகும் சுவர், பெயர்ந்த தரை, உதிர்ந்த காரை எல்லாம் அவர் கைதான். அதே கட்டடத்தைக் கூட்டிப் பெருக்குகிறவள் நான். மனுஷர் பயந்த சுபாவம். அதிகாரி தும்மினால்கூட எழுந்து நிற்பார் என்று சொல்லி நான் அவரை ஓட்டுவேன்.

போன மாதம் ஒரு தனியார் கம்பெனியோடு சேர்ந்து கட்டடத்தைப் புதுப்பிக்கப்போவதாக அரசாங்கம் சொன்னது. இடிக்கமாட்டார்களாம். கட்டடம் அரசாங்கத்துடையதாகவே இருக்கும். கம்பெனி தன் செலவில் சீர்செய்து, மேலே நான்கு மாடி எழுப்பி, முப்பது வருடம் வாடகைக்கு விட்டுக்கொள்ளும். கீழ்த்தளத்தில் கம்பெனியின் வரவேற்பு மேசையில் எங்கள் மகளுக்கே வேலை கிடைத்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. இவரோ சாப்பாட்டில் கையே வைக்கவில்லை.

துருவித் துருவிக் கேட்டபோதுதான் விஷயம் வந்தது. கீழ்த்தளத்துத் தூண் ஒன்றில் விரிசல். வருடாவருடம் ஆய்வுக்கு ஆள் வருவதற்கு முன்பு பழைய பொறியாளர் அதைப் பூசச் சொல்வார். இவரும் பூசி வெள்ளையடித்துவிடுவார். உள்ளே கம்பி துருப்பிடித்து உப்பியிருக்கிறது. அந்த ஆய்வுத் தாள்களை நம்பித்தான் மேலே நான்கு மாடி போடுகிறார்கள்.

மகளின் முகம்தான் முதலில் நினைவுக்கு வந்தது. ஆனால் வாயில் வந்தது வேறு.

"ரிட்டயர் ஆக நாலு மாசந்தான் இருக்கு. பென்ஷன் போயிடும். வாயைத் திறக்காதீங்க."

பெற்ற பிள்ளை அந்தத் தூணுக்கு எதிரே உட்காரப்போகிறாள் என்று தெரிந்தேதான் சொன்னேன். என்னை என்னவென்று சொல்ல!

மூன்று வாரம் பயந்தே செத்தோம். தரையில் கொஞ்சம் சுண்ணாம்புத் தூள் கிடந்தாலும் துடைப்பத்தைப் போட்டுவிட்டுத் தூணைப் போய்ப் பார்ப்பேன். மகள் வேலையில் சேர்ந்த அன்று, மேல்மாடிக்கான கம்பியும் சிமெண்டும் லாரியில் வந்திறங்கின. அதைப் பார்த்துவிட்டு இவர் உளியும் சுத்தியலுமாகக் கம்பெனிப் பொறியாளரைத் தூணருகே அழைத்து வந்தார். உளியை வைத்துக் கொத்தினார். காரை பொத்தென்று விழுந்தது. உள்ளே கம்பி பட்டை பட்டையாக உரிந்திருந்தது.

பொறியாளரின் முகம் வெளுத்துவிட்டது. "இதை யாரு பூசினது?"

"நான்தான் சார்."

நான் ஓடிப்போய் மகளின் கையைப் பிடித்து வாசல் பக்கம் இழுத்தேன். பென்ஷன் போனால் போகட்டும், சொல்லித் தொலைத்தாரே என்று அப்போதுதான் மூச்சு வந்தது.

"இது ஒண்ணுதானே?" என்றார் பொறியாளர்.

இவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். என்னிடமும் ஒன்று என்றுதான் சொல்லியிருந்தார்.

"பதினாலு சார். முதல்ல எல்லாரையும் வெளிய போகச் சொல்லுங்க."