குடிக்காமல் வைத்த கோப்பி

அதிகாலை ஸுப்ஹுத் தொழுகை முடிந்து ஓதிக்கொண்டிருந்த வேளையில் தொலைபேசி ஒலித்தது. என் தங்கை சுலைகா. "காக்கா, அவர் மௌத்தாகிட்டார்" என்றாள். படைத்தவனிடமிருந்து வந்தோம், அவனிடமே போகிறோம் என்று என் நாவு தானாகச் சொல்லிற்று. உள்ளமோ வேறொன்றைக் கேட்டது: இருபத்தேழு வருடங்களாக அவரிடம் கேட்கவேண்டியிருந்த மன்னிப்பை இனி யாரிடம் கேட்பாய்?

நிந்தவூர்க் கடைத்தெருவில் கோப்பிக் கடை வைத்திருந்த இஸ்மாலெவ்வையை இதை வாசிக்கும் உங்களிற் பலர் அறிவீர்கள். அவர் கையால் வாங்கிக் குடித்திருப்பீர்கள். அவர் என் தங்கையின் கணவர் என்பதையும் அறிவீர்கள். நீங்கள் அறியாத ஒன்றுண்டு. அதை எழுதாமல் அவரை நினைவுகூர்வது எனக்கு ஆகாது.

எங்கள் கரையோர ஊர்களில் வீடு பெண்பிள்ளைக்கே போகும். வாப்பாவும் உம்மாவும் மறைந்தபின் நாங்கள் பிறந்த நிந்தவூர் வீடு சுலைகாவுக்காயிற்று. நான் கல்முனையில் என் மனைவியின் வீட்டுக்கு வந்திருந்தேன். சுலைகாவுக்கு மாப்பிள்ளை பேசி வந்தார்கள். தகப்பனின் இடத்தில் வலியாக, அதாவது மணப்பெண்ணின் பொறுப்பாளனாக, இருந்து நிக்காஹ் செய்துகொடுக்க வேண்டியவன் நான். மாப்பிள்ளை சவூதியில் ஒரு பெரிய வீட்டில் விருந்தினருக்குக் கஹ்வா ஊற்றுகிறார் என்றார்கள். அரபுக் கிதாபுகளையும் பழந்தமிழ்ச் செய்யுளையும் கற்ற கர்வம் அன்று என் நாவில் ஏறி அமர்ந்தது. "அரபிக்குக் கோப்பி ஊத்துறவனுக்கா என்ட தங்கச்சி?" என்று வந்தவர்கள் முன்னிலையிலேயே கேட்டேன். சுலைகா கதவுக்குப் பின்னால் நின்றிருந்தாள். இருந்தும் அவரையே மணப்பேன் என்றாள். எனக்குப் பதிலாக இன்னொருவரை நியமித்துவிட்டு, நான் நிக்காஹ்வுக்குப் போகவில்லை. அதன்பின் நான் பிறந்த வீட்டின் படியை மிதிக்கவுமில்லை.

ஒன்பது வருடங்களில் அவர் சவூதியை விட்டு வந்துவிட்டார். நான் அரபு படிப்பித்த பாடசாலை அவர்களுடைய தெருவின் முடிவில் இருந்தது. மலைநாட்டிலிருந்து அவர் சிவந்த கோப்பிப் பழங்களைச் சாக்கில் கொண்டுவருவார். தோலுரித்து, ஊறவைத்து, வழுவழுப்புப் போகக் கழுவி, முற்றத்தில் பன்பாய் விரித்துக் காயவைப்பார். எங்கள் ஊரில் நெல் காயும் முற்றங்களுக்கு நடுவே அந்த ஒரு முற்றம் மட்டும் வேறு நிறத்தில் கிடக்கும். முற்பகலில் அவர் வறுக்கத் தொடங்கினால் கடற்காற்று அந்த மணத்தை ஏந்திக்கொண்டு என் வகுப்பறைக்குள் நுழையும். முதலில் வைக்கோல் வாசம், பிறகு பாண் ரொட்டி வேகும் வாசம், கடைசியில் பெயர் சொல்லவியலாத ஒரு வாசம். வினைச்சொல் வாய்பாட்டைச் சொல்லிக்கொண்டிருந்த பிள்ளைகளின் குரல் மெல்ல அடங்கிப்போகும். நானும் கரும்பலகையின் முன் சுண்ணக்கட்டியோடு நின்றுவிடுவேன். விழித்தபடியே காணும் கனவு அது. என் வாழ்நாளில் நான் கேட்ட மிக இனிய அழைப்பு மூக்கின் வழியே வந்தது, நான்தான் போகவில்லை.

அவ்வருட நோன்புப் பெருநாளன்று அவர் என் வீட்டுக்கு வந்தார். பெருநாளில் வருபவரைத் திருப்பலாகாது. என் மனைவி கொத்தமல்லியும் சுக்காகிய வேர்க்கொம்பும் சேர்த்து இடித்த நம்மூர்க் கோப்பியைக் கொண்டுவந்தாள். அவர் கோப்பையை இரு கைகளாலும் எடுத்து, கண்ணை மூடி மணத்தை நுகர்ந்து, அப்படியே கீழே வைத்தார். மழையைக் கேட்டார், வேளாண்மையைக் கேட்டார், ஸலாம் சொல்லிப் போய்விட்டார். கோப்பி ஆடை படிந்து கிடந்தது.

"மனிசன் மூக்காலயே குடிச்சிட்டுப் போறார். நஞ்சு கலந்திரிக்கமெண்டு நெனைச்சாரோ!" என்றாள் என் மனைவி.

பெருமை பிடித்தவர் என்று நான் முடிவுசெய்தேன். ஹஜ்ஜுப் பெருநாளுக்கும் வந்தார், அப்போதும் குடிக்கவில்லை. எனக்குள் ஒரு பிடிவாதம் மூண்டது. அவர் மறுக்கவியலாத ஒரு கோப்பியை அவர் முன் வைத்தே தீருவேன் என்று நல்ல கொட்டையாகத் தேடி வாங்கி நானே வறுத்தேன். மூன்றாம் முறை, துருக்கியர் செய்வதுபோல் மாவாக அரைத்து, பொங்கப் பொங்க மூன்று தரம் இறக்கி வண்டலோடு கொடுத்தேன்.

"கோப்பி சரியில்லையா?" என்று கேட்டேவிட்டேன்.

"சோக்காயிரிக்கு மௌலவி. ஆனா தண்ணி கொஞ்சம் கோவத்தில இரிந்திரிக்கு. கொதிச்சது அடங்கினப் பொறகு தூளப் போடுங்க" என்றார். மைத்துனனை மச்சான் என்று அழைக்க நான் இடங்கொடுக்காததால் என்னை எப்போதும் மௌலவி என்றே அழைத்தார்.

"அப்ப ஏன் குடிக்கல்ல?"

"குடிப்பன் மௌலவி. இன்னும் குடிக்கிற நேரம் வரல்ல."

நான்காம் பெருநாளுக்கு அரபு முறையிலேயே செய்தேன். கொட்டை முதன்முறை வெடித்ததும் இறக்கி, பொன்னிறத்திலேயே இடித்து, ஏலம் சேர்த்துக் காய்ச்சினேன். கோப்பையை எடுத்ததும் அவருடைய கண் கலங்கிற்று. பாலைவனம் ஒன்று அவர் முகத்தில் விரிந்து மறைந்ததை நான் கண்டேன். அதையும் கீழே வைத்தார். அன்று ரியாத்திலிருந்து விடுமுறையில் வந்த அயல்வீட்டு ஸலீமும் எங்களோடு இருந்தார். அவர் அந்தக் கோப்பையையும் என்னையும் மாறிமாறிப் பார்த்துச் சிரித்தார்.

"என்ன மௌலவி, பார்த்துக்கிட்டு இரிக்கீங்க? கேளுங்களேன், அவருக்கு என்ன வேணுமெண்டு!"

"என்னத்தக் கேக்கிற?"

"அரபு நாட்டுப் பழக்கம் தெரியாதா? வந்த ஆள் கோப்பியக் குடிக்காம வெச்சா, வீட்டுக்காரர்க்கிட்ட அவருக்கு ஒரு தேவை இரிக்கு. அதத் தாறன் எண்டு சொன்னாத்தான் குடிப்பார். கேக்காட்டி மானக்கேடு உங்களுக்குத்தான்!"

விருந்தோம்பலைப் பற்றி இரண்டு மொழிகளிலும் செய்யுள் மனனம் செய்தவன் நான். நான்கு பெருநாள்கள் ஒரு மனிதரை வாசலில் நிறுத்தியதுபோல் நிறுத்தியிருக்கிறேன். கோப்பியைத் திருத்தினேன், அவரைக் கேட்கவில்லை.

"என்ன வேணும்?" என்றேன்.

"ஒண்டுமில்ல. உங்கட தங்கச்சி ஒவ்வொரு பெருநாளைக்கும் உங்களுக்கெண்டு ஒரு கோப்பை எடுத்து வெக்கிறா. ஒரு தரம் வந்து அதுல குடிச்சாப் போதும்."

"வாறன். இண்டைக்கே வாறன்" என்றேன்.

அவர் ஆறிப்போன கஹ்வாவை ஒரே மூச்சில் குடித்தார். போதும் என்பதற்கு அடையாளமாகக் கோப்பையை இருபுறமும் ஆட்டி என் கையில் தந்தார். "அப்ப வாங்க மச்சான்" என்றார்.

அன்று மாலை அஸர்த் தொழுகைக்குப் பின் நான் பிறந்த வீட்டுக்குள் நுழைந்தேன். அதன்பிறகு பல வருடங்கள் அந்த வீட்டில் குடித்த கோப்பிகள் என் நினைவில் ஒரு நீண்ட மாலைப்பொழுதாகவே கிடக்கின்றன. துணியில் மெதுவாக வடித்தது, பால் நுரை ததும்பியது, கருப்பட்டி கடித்துக்கொண்டு குடித்தது. "கொட்டை ரெண்டு தரம் வெடிக்கும். முதல் சத்தத்தில அரபி இறக்குவான், ரெண்டாம் சத்தத்தில நம்மட ஆக்கள் இறக்குவாங்க. ரெண்டும் கோப்பிதான் மச்சான்" என்பார். ஒருநாள் கோப்பையின் அடியை மறைக்கும் அளவே ஊற்றித் தந்தார். கஞ்சத்தனம் என்று கேலிசெய்தேன். "நெறைய ஊத்தினா, குடிச்சிட்டுப் போ எண்டு அர்த்தம். கொஞ்சமா ஊத்தினா, இரி, இன்னும் தாறன் எண்டு அர்த்தம்" என்றார்.

என் பழைய சொல்லை அவர் ஒருபோதும் எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை. எடுக்காததையே மன்னிப்பு என்று எண்ணிக்கொண்டேன். அது என் கோழைத்தனம்.

ஜனாஸாத் தொழுகைக்கு முன் அவருடைய தம்பி எழுந்து, "காக்கா ஆரையும் மனம் நோகக் கதைச்சிரிந்தா மாப்புச் செய்ங்க" என்றார். முதல் வரிசையில் நான் நின்றேன். மனம் நோகக் கதைத்தவன் உயிரோடு நின்றிருந்தான். என் கையாலும் மூன்று பிடி மண்ணிட்டேன்.

மூன்று நாட்கள் அந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை. அயலவர் சோறு கொண்டுவந்தார்கள். நான்காம் நாள் பகல் நான் போனபோது, கணவனை இழந்தவள் வீட்டோடு இருக்கும் இத்தாவில் இருந்த சுலைகா அடுப்பை மூட்டிக் கோப்பி வைத்தாள். எனக்கென எடுத்து வைத்த அதே கோப்பையில் கொண்டுவந்தாள். நான் மணத்தை நுகர்ந்து, குடிக்காமல் கீழே வைத்தேன்.

அவள் கோப்பையைப் பார்த்தாள். பிறகு கேட்டாள்: "என்ன வேணும் காக்கா?"

"நான் அண்டைக்குச் சொன்ன சொல்லுக்கு மாப்பு வேணும் புள்ள. அவர்க்கிட்ட கேக்காம விட்டிட்டன்."

"அவர் அதுக்குச் சிரிச்சவர். 'உன்ட காக்கா பொய் சொல்லல்லையே, நான் ஊத்துறவன்தானே' எண்டவர்." முக்காட்டு நுனியால் முகத்தைத் துடைத்தாள். "நான்தான் இன்னும் மாப்புச் செய்யல்ல. கதவுக்குப் பின்னால நிண்டது நானெல்லா."

கோப்பி ஆறிக்கொண்டிருந்தது. வெளியே, பாயில் அவர் கடைசியாகப் பரப்பிய கொட்டைகள் வெயிலில் கிடந்தன. அள்ள யாருக்கும் மனம் வரவில்லை போலும்.

"குடிங்க காக்கா" என்றாள் கடைசியில். "மாப்புச் செஞ்சிட்டன்."

நான் குடித்தேன்.

இஸ்மாலெவ்வையிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொண்டது ஒரு கேள்வி. இப்போது என் வீட்டுக்கு வருபவர் கோப்பையைத் தொடாமல் இருந்தால் கோப்பியின் குறையை நான் ஆராய்வதில்லை, "என்ன வேணும்?" என்று முதலில் கேட்கிறேன். மறுமையில் அவரைக் காணும் பேறு கிடைத்தால் அதே கேள்வியோடு அவர் முன் நிற்பேன்.

அன்று குடித்து முடித்ததும் கோப்பையை ஆட்டாமல் நீட்டினேன். சுலைகா கெண்டியை எடுத்து, அடியை மறைக்கும் அளவே ஊற்றினாள்.