அஞ்சாவது கேஸ்

கதை விடுறேன்னு நினைக்கிறவங்க இப்பவே பக்கத்தைத் திருப்பிடுங்க. இது பட்டப்பகல்ல, நாற்பது பேர் இருந்த ஹால்ல நடந்தது. என் கையால நடந்தது.

பல் மருத்துவத்துல எனக்குக் கடைசி வருஷம். அஞ்சு பேருக்கு வேர் சிகிச்சை முடிச்சு, சாரோட கையெழுத்து வாங்கினாத்தான் பரீட்சை. நாலு முடிச்சிருந்தேன். அஞ்சாவது ஒரு பெயிண்டர் அண்ணன். கடைவாய்ப் பல்லைத் திறந்து சுத்தம் பண்ணி, தற்காலிகமா அடைச்சு அனுப்பியிருந்தேன்.

திங்கட்கிழமை போன் பண்ணினார். "டாக்டரம்மா, தாடை வீங்கிடுச்சு. எச்சில் முழுங்க முடியல."

உடனே வரச் சொல்லியிருக்கணும். ஆனா அன்னைக்கு வந்தா அவசரப் பிரிவுல பல்லைப் பிடுங்கிடுவாங்க. என் கேஸ் போச்சு! "வியாழக்கிழமை சார் இருப்பார், அப்ப வாங்கண்ணே. வேற எங்கேயும் போயிடாதீங்க, என் பரீட்சையே உங்க பல்லுலதான் இருக்கு"ன்னு சிரிச்சேன். பாவி, சிரிச்சேன்.

வியாழன். மதியம் 2:20. எனக்கு முன்னாடியே வந்து நாற்காலியில படுத்திருந்தார். வீக்கம் சுத்தமா இல்ல. அப்பாடான்னு இருந்துச்சு. "வலிச்சா இடது கையைத் தூக்குங்க"ன்னேன். எல்லார்கிட்டயும் சொல்றதுதான்.

வாய்க்குள்ள கண்ணாடி விட்டா மூச்சு பட்டு மங்கும். துடைச்சுத் துடைச்சுத்தான் வேலை பார்ப்போம். அன்னைக்கு ஒரு தடவைகூட மங்கல, துடைக்கவும் இல்ல. நல்லதாப் போச்சுன்னு நினைச்சேன்.

எச்சில் உறிஞ்சுற குழாய் வெறும் காத்தை இழுத்துச்சு... ஸ்ஸ்ஸ்... ஒரு சொட்டு இல்ல.

3:50. அடைச்சு முடிச்சு எக்ஸ்ரே எடுத்தேன். சார் வந்தார். படத்தை வெளிச்சத்துல பிடிச்சுப் பார்த்தார். ஆள் பக்கம் திரும்பவே இல்ல. "பரவாயில்லையே!" கையெழுத்துப் போட்டுட்டுப் போயிட்டார்.

"முடிஞ்சுதுண்ணே."

இடது கை மெல்ல மேல வந்துச்சு...

"வலிக்குதா?"

"இப்ப இல்ல..."

உதடு அசையல.

"திங்கட்கிழமை."

கண்ணாடி கை நழுவி விழுந்துச்சு. டிங்... குனிஞ்சு நிமிர்ந்தேன்.

நாற்காலி காலி.

6:15-க்கு அவர் நம்பருக்குப் போட்டேன். மனைவி எடுத்தாங்க. காலேஜ்லேருந்து பேசுறேன்னு மட்டும் சொன்னேன்.

"அவர் புதன்கிழமை விடியக்காலமே போயிட்டாரும்மா. தொண்டை அடைச்சு, மூச்சு விட முடியாம... வேற ஆஸ்பத்திரிக்குப் போலாம்னு காலைப் பிடிச்சேன். பல்லைப் பிடுங்கிட்டா ஒரு பொண்ணோட பரீட்சை போயிடும்னு அசையவே இல்ல."

அவங்களே தொடர்ந்து கேட்டாங்க.

"ஏம்மா... அந்தப் பொண்ணு இப்ப எப்படிப் பரீட்சை எழுதும்?"

"எழுதும்மா"ன்னேன்.

கையெழுத்து என் பையில இருந்துச்சு. வியாழக்கிழமை தேதியோட. யார் வாயில வேலை பார்த்தேன்னு இன்னைக்கு வரைக்கும் யார்கிட்டயும் சொல்லல.

எழுதினேன். பாஸும் பண்ணிட்டேன்.