இத்தாலி முட்டையும் பன்னிரண்டு மணி பஸ்ஸும்

ஐம்பது வயதில், இன்று காலை மூன்று முட்டைகளைக் கொதிதண்ணீரில் கரைத்துவிட்டு அடுப்படியில் அசடு வழிய நின்றேன்.

கொழும்பில் வேலை செய்யும் மகள் லீவு முடிந்து பன்னிரண்டு மணி பஸ்ஸில் கொழும்புக்குத் திரும்புகிறாள். போகுமுன் அவளுக்குப் பிடித்த இத்தாலி முட்டை செய்து கொடுக்க ஆசை. ஓடில்லாமல் அவித்துத் தக்காளிச் சாற்றில் வைக்க வேண்டுமாம்.

"ஓட்டோட அவிச்சா வேகாதாங்க?" என்றாள் மனைவி.

நாலாவது முட்டை ஒருவழியாக முழுசாக வந்தபோது, அவள் தக்காளியில் தேங்காய்ப்பாலும் கறிவேப்பிலையும் சேர்த்து முடித்திருந்தாள்.

மகள் பாண் ரொட்டியை அதில் தொட்டுத் தின்றாள். "அப்பா, இது நம்ம முட்டைக் கொழம்பு."

"இத்தாலியிலயும் அம்மாமார் இருக்காங்கதானே," என்றேன்.

பிறகு, "பொலிஸ் பதிவுத் துண்டு எடுத்தியா? அடையாள அட்டை?" என்று இரண்டு தரம் கேட்டேன். அந்தத் துண்டு இல்லாத தமிழரைக் கொழும்பு வழியில் பிடித்து வைத்துக்கொள்கிறார்கள்.

"எடுத்தாச்சுப்பா," என்று சலித்துக்கொண்டாள்.

முட்டை உடையாமல் அவிக்கத் தெரிந்தவர்கள் கீழே எழுதுங்கள்.

சோதனைச் சாவடியில் உன்னைப் பஸ்ஸிலிருந்து இறக்கிக் கொண்டுபோனால் மாத்தளையில் இருந்துகொண்டு நான் என்ன செய்வேன், இந்த முறை போகாதே என்பதை மட்டும் மகளிடம் சொல்லவில்லை.